தமிழுக்கு ஓர் ஆள்

தாராவி
8.1.2024

பானுவுக்கு ஸலாம்.

போனை எடுக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருக்கிறாய். "எனக்குத்தான் பேச்சு வராதே, எழுதச் சொல்" என்று உன் தம்பியிடம் சொல்லி அனுப்பினாயாம். சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்து. கிண்டல் செய்யாமல் படி.

போன மாதம் பட்டறையில் ஸ்கூல் பை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் நின்றுவிட்டது. ஜிப் கையில் இருக்கிறது, அதன் பெயர் வரவில்லை. கட்டிங் போடும் ஷகீல், சேட் விளையாடுகிறார் என்று சிரித்தான். அப்புறம் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, மிஷின் மேலேயே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதுக்கு மேலே, மூளைக்குள், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. மெதுவாக வளரும் ஜாதியாம். ஆனாலும் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர்.

அதை எடுக்கும் விதத்தைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். மயக்கம் கொடுத்து மண்டையைத் திறந்துவிட்டு, பாதியில் என்னை எழுப்பிவிடுவார்களாம். மூளைக்கு வலி கிடையாதாம். முழித்துக்கொண்டிருக்கும் என் முன்னால் ஒருவர் படம் காட்டுவார். குடை, ஆடு, சாவி என்று நான் பெயர் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் உள்ளே லேசான கரண்ட் வைத்து ஒவ்வோர் இடமாகத் தொடுவார். எந்த இடத்தைத் தொட்டதும் எனக்குப் பேச்சு நிற்கிறதோ, அங்கே ஒரு சின்னச் சீட்டு வைத்துவிடுவார். அந்த இடத்தில் கத்தி போகாது. ரெக்சினில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வெட்டுகிறோமே, அதுபோலத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தி ஓர் இடத்தில் இருக்கும், தமிழ் அதற்குப் பக்கத்தில் இன்னோர் இடத்தில் இருக்கலாமாம். எந்தப் பாஷையில் கேட்கவில்லையோ அந்தப் பாஷைக்குச் சீட்டு இல்லை. இந்திக்கு அங்கே ஒரு பேச்சு மேடம் இருக்கிறார். தமிழுக்கு ஆள் இல்லை. இவரோடு தினமும் தமிழ் பேசிய ஆளைக் கூட்டிவாருங்கள், நான் பழக்கித் தருகிறேன் என்றார் மேடம். யாசரை உட்காரவைத்தோம். சல்லடைப் படத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று என்னிடமே கேட்கிறான். அவன் தங்கச்சி ஜோயா பிள்ளைத்தாச்சி, அவளை உள்ளே விடமாட்டார்கள்.

பட்டறையில் இந்தி, பிள்ளைகளோடு இந்தி. நான் தமிழ் பேசிய ஆள் நீ ஒருத்திதான். புறப்பட்டு வா. யாசர் டிக்கெட் போடுவான்.

ஜெயினுலாப்தீன்

*

மேலப்பாளையம்
15.1.2024

யாசருடைய வாப்பாவுக்கு ஸலாம்.

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுதேன் என்று எழுதுவதால் மனம் இளகிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கல்யாண் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஜோயாவைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் என்னிடம் என்ன சொன்னீர்கள்? "ஒரு நாளைக்கித்தான் புள்ள. அவங்க லக்னோ ஆளுங்க, உருது சுத்தமாப் பேசுவாங்க. ஒன் இந்தியக் கேட்டா மதராசின்னு சிரிப்பாங்க. வாயத் தெறக்காம இரி." மகளுக்கு நல்ல இடமாயிற்றே என்று நானும் தலையாட்டினேன். வந்தவர்களிடம், எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சே போய்விட்டது என்று நீங்கள் சொல்லிவைத்தது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் உம்மா மர்யம் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினபோதுதான் தெரிந்தது.

ஒரு நாள் என்றது நிச்சயம் ஆனது, நிக்காஹ் ஆனது, வலீமா விருந்து ஆனது. நம் சொந்தக்காரர்கள் கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது, அவர்கள் கேட்டால் பேச்சே இல்லை. ஆளுக்கொரு பொய். பெற்ற மகள் புருஷன் வீட்டுக்குப் போகிறாள், போய்வா என்று சொல்ல வாயில்லாமல் நின்றேன். அதோடாவது விட்டீர்களா? மர்யம் பாவம், நல்ல மனசு. எனக்கு வைத்தியம் பார்க்க ஹக்கீம் ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்தாள். அவர் என் தொண்டைக்குள் டார்ச் அடித்து, ஆ சொல்லு, ஆ சொல்லு என்கிறார். நான் சொல்லக் கூடாது. கசப்பு லேகியத்தை என் வாயில் அப்பினார். நீங்கள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தீர்கள். அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்தேன்.

இப்போது அதே வாய் உங்களுக்கு வேண்டியிருக்கிறது.

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நான் வருவதற்கு முன்னால் மர்யமிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். என் மனைவிக்குப் பேச்சு வரும், நான்தான் பொய் சொன்னேன் என்று நீங்களே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அவர்களும்தானே இருப்பார்கள்? ஊமையாக வந்து தமிழ் கேட்க எனக்குத் தெரியாது.

அக்தர் பானு

*

தாராவி
22.1.2024

பானுவுக்கு,

உனக்கு நேரம் காலம் தெரியாது. தலைக்குள் கட்டியை வைத்துக்கொண்டு நான் திண்டாடுகிறேன், நீ பழைய ஹக்கீமை இழுத்துக்கொண்டு வருகிறாய்.

யோசித்துப் பார். ஜோயாவுக்கு ஏழாம் மாதம். அந்த வீட்டில்தான் அவள் இருக்க வேண்டும். "உன் வாப்பா முதல் நாளே பொய் சொன்ன ஆள்" என்று அவளைப் பார்த்து ஒரு சொல் விழுந்தால் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை தௌஃபீக் நல்ல பையன்தான், ஆனால் அவன் சித்தப்பன்மார் வாய் உனக்குத் தெரியாது. "வாப்பா, இப்ப வேணாம், பிள்ள பொறக்கட்டும்" என்று ஜோயாவே கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடியட்டும், நான் சொல்லிவிடுகிறேன். நீ வந்ததும் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போய்விடு. உள்ளே டாக்டரும் மேடமும்தான் இருப்பார்கள். அங்கே பேசு, வெளியே வந்தால் பேசாதே. எத்தனையோ மாதம் செய்தாயே, இன்னும் ஒரு நாள் முடியாதா?

நீ இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று நினைக்காதே. பக்கத்துச் சந்துப் பிச்சையாவைக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலை முழுக்கத் தையல் போட்ட ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பார்த்தவன் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "பாய், ஒமக்காக உசுரக் கேட்டாக் குடுத்துருவேன், இது நமக்கு ஆவாதுய்யா" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

மேடம் ஒன்று சொன்னார். மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பேச முடியாது, ஆள் களைத்துப்போவான். தமிழுக்கு ஆள் வராவிட்டால் இந்தியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்களாம். எனக்கு அதுவே போதும். பட்டறை இந்தியில்தான் ஓடுகிறது. தமிழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? கேட்க வேண்டியவளே ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயினுலாப்தீன்

*

மேலப்பாளையம்
30.1.2024

ஸலாம்.

இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள். உங்கள் ஒரு நாளுக்கு முடிவே கிடையாது.

தமிழ் வேண்டாம் என்றால் போகட்டும், என்னை ஏன் மிரட்டுகிறீர்கள்? நூல் அறுந்தால் மிஷினை எந்தப் பாஷையில் திட்டுவீர்கள்? காய்ச்சல் வந்தால் எந்தப் பாஷையில் உம்மாவைக் கூப்பிடுவீர்கள்? அதையும் இந்தியில் பழகிக்கொள்ளுங்கள்.

தாராவியில் அத்தனை வருஷம் இருந்தும் என் இந்தி, வெங்காயம் வாங்கத்தான் போதும். உங்களோடு சண்டை போடப் போதாது. அதையும் யோசித்துத்தான் முடிவு செய்தீர்களோ என்னவோ. தமிழ் போய்விட்டால் நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம் அல்லவா?

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மேல் இவ்வளவு ஆத்திரம் இருக்கும்போது உங்களுக்காக இப்படிப் பயப்படுவது எனக்கே பிடிக்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து மாறமாட்டேன். மர்யமிடம் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவள் காதில் விழுந்துவிட்டது என்று யாசர் போனில் என் தம்பியிடம் சொன்னால், அன்றைக்கே வண்டி ஏறுவேன்.

அக்தர் பானு

*

தாராவி
11.2.2024

பானு,

நாள் குறித்துவிட்டார்கள். 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை.

இந்த வாரம் நிறைய சொற்கள் போகின்றன. குடிக்கத் தண்ணீர் ஊற்றி வைப்போமே, வாய் குறுகலாக, அதன் பெயர் இதை எழுதும்போது வரவில்லை. இந்திப் பெயரும் வரவில்லை. நாளைக்கு வரும்.

நேற்று கல்யாணுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மர்யம் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாவம், பானு அக்கா எப்படி இருக்கிறார்?" என்பது. உனக்காக அஜ்மீர் தர்காவுக்கு நேர்ந்திருக்கிறாளாம், குரல் திரும்பி வர. அதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்ல? பக்கத்தில் ஜோயா தட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிரியாணியைத் தின்றுவிட்டு ரயில் ஏறிவிட்டேன். வண்டியில் வரும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசி நிமிஷம் வந்தாலும் போதும், படங்களைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போகிறேன் என்கிறார் மேடம். மூன்றாவது மாடி. தமிழ்க்காரர் வந்தாரா என்று கதவுக்கு வெளியே வந்து கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்களாம்.

தமிழை வைத்து என்ன செய்ய என்று போன கடிதத்தில் எழுதியதை விட்டுவிடு. நான் எப்போதும் அப்படித்தான் எழுதுவேன்.

வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

ஜெயினுலாப்தீன்

*

தாராவி
6.3.2024

உம்மா, இது யாசர். வாப்பா இந்தியில் சொல்லுறாங்க. நான் போனில் போட்டு தமிழ் ஆக்கி பார்த்து எழுதுறேன். தப்பு இருந்தா கோவம் வேண்டாம்.

அன்பார்ந்த பானு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? எனது அறுவை சிகிச்சை முடிவடைந்தது. கட்டி பெரும்பாலும் அகற்றப்பட்டது. நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன். இந்தியில் அனைத்தும் பேச முடிகிறது.

தமிழ் எனக்கு வரவில்லை. யாசர் பேசினால் சத்தம் கேட்கிறது. பொருள் தாமதமாக வருகிறது, பாதி வருவதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் காலியாக இருக்கிறது. உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் தெரிகின்றன, அவை ஒன்றுசேரவில்லை. மருத்துவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் மீது தவறு இல்லை. தமிழின் இடத்தை அவருக்குக் காட்டுவதற்கு யாரும் இல்லை.

அன்று நான் உங்களுக்காகக் காத்திருந்தேன். என் தலை இரும்பில் மாட்டப்பட்டிருந்தது, அதனால் கண்களை மட்டும் கதவின் பக்கம் திருப்பினேன். மேடம் வெளியே சென்றார், திரும்பி வந்தார். யாரும் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு இந்தியில் படம் காட்டத் தொடங்கினார். நீங்கள் வரவில்லை. நீங்கள் வெற்றி பெற்றீர்கள். நீங்கள் மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயம். காலை முதல் மாலை வரை யாராவது என்னிடம் தமிழ் பேசிக்கொண்டே இருந்தால் ஓரளவு திரும்பும் என்று மருத்துவர் கூறுகிறார். ஆறு மாதத்திற்குள் திரும்பாதது பிறகு திரும்பாது. இதை நான் உங்களிடம் கேட்கவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

உம்மா, வாப்பா இன்னும் நிறைய சொன்னாங்க. போன் அதை சரியா மாத்தலை. ஜோயாவுக்கு இன்னும் பிள்ளை பிறக்கலை.

*

மேலப்பாளையம்
14.3.2024

யாசரு, இந்தக் கடிதத்தை வாப்பாவுக்கு இந்தியில் வாசித்துக் காட்டு. ஒரு வரியைக்கூட விடாதே. உன் தங்கச்சியைப் பற்றி வரும் இடத்திலும் விடாதே.

உங்களுக்கு ஸலாம். நிக்காஹ் ஆன நாளிலிருந்து என்னை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. போனுக்குத்தான் அந்த மரியாதை தெரிந்திருக்கிறது.

நான் வந்தேன்.

நாள் குறித்த உங்கள் கடிதம் கிடைத்ததும் தம்பியை டிக்கெட் எடுக்கச் சொன்னேன். உங்களுக்கும் யாசருக்கும் தெரிய வேண்டாம் என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். தெரிந்தால், நிபந்தனையை விட்டுக்கொடுத்து வந்துவிட்டாள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்த வீம்புதான் என்னை அழித்தது. யாசருக்குச் சொல்லியிருந்தால் அவன் தாதர் ஸ்டேஷனில் வந்து நின்றிருப்பான், என்னை நேரே உள்ளே கொண்டுபோய் விட்டிருப்பான்.

நாகர்கோவில் வண்டி தாமதம். தாதரில் இறங்கி டாக்சி பிடித்து, மூன்றாவது மாடிக்கு ஏறி ஓடினேன். யாசர் ரத்தம் வாங்கக் கீழே போயிருந்தான். பெஞ்சில் மர்யமும் ஜோயாவும் உட்கார்ந்திருந்தார்கள். மர்யம் என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டாள், சாப்பிட்டாயா என்று கையால் ஜாடை காட்டினாள். நான் கதவைப் பார்த்து நடந்தேன். அதற்குள் கதவு திறந்து, பச்சைத் தொப்பி போட்ட மேடம் வெளியே வந்தார். கையில் படக் கட்டு. "ஜெயினுல் பாய் கீ பீவி ஆயீ கியா? தமிழ்வாலி?" என்று, தமிழ் பேசும் மனைவி வந்தாச்சா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மர்யம் முந்திக்கொண்டாள். "யஹீ ஹை, மகர் பேச்சாரி போல் நஹீ சக்தி." இவள்தான், ஆனால் பாவம், பேச வராது என்றாள். இந்த அளவு இந்தி எனக்குப் புரியும். மேடம் என் முகத்தைப் பார்த்தார். ஜோயா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உம்மா, ப்ளீஸ், இங்க வேணாம்" என்று என் காதில் சொன்னாள். அவள் வயிறு என் கையில் இடித்தது.

மேடம் ஒரு மூச்சு நேரம்தான் நின்றார். நான் வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது எந்தப் பாஷையாக இருந்தாலும் பேச்சு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம், வாய் திறக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"நீ இப்பப் போயிரு உம்மா, வாப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் ஜோயா. உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், மர்யமையும் சொல்ல விட்டிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பொய்க்குள் அவளைக் குடிவைத்தது நாம் இரண்டு பேரும்தான். உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் அன்றைக்கே ஊர் திரும்பினேன். நீங்கள் கண்ணைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அதே கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். இதை நினைத்தால் நோன்பு திறக்கும்போது தண்ணீர்கூட இறங்கமாட்டேன் என்கிறது.

உங்கள் தமிழை நீங்கள் பாதி கொன்றீர்கள், மீதியை நான் கொன்றேன். கணக்கு நேராகிவிட்டது. நீங்கள் வெற்றி பெற்றீர்கள் என்று இனி எழுதச் சொல்லாதீர்கள்.

காலை முதல் மாலை வரை பேச ஆள் வேண்டும் என்கிறாரா டாக்டர்? பேசுகிறேன். இத்தனை நாள் பேசாததெல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் குறுக்கே பேசவும் முடியாது. முதல் ஒரு மாதம் திட்டுவதற்கே சரியாகப் போகும். புரியப் புரிய உங்களுக்கு வலிக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டாக்டர் சீட்டு வைத்துக் காப்பாற்றிக் கொடுத்த இந்தி முழுசாக உங்கள் வாயில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வாக்கியத்தை மர்யமிடம் சொல்லுங்கள். ஜோயாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் என் மகள்.

பெருநாள் முடிந்த மறுநாள் வண்டி ஏறுகிறேன். தாதருக்கு முன்னால் கல்யாணில் வண்டி நிற்கும். மர்யமை பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லுங்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் அவள் வாயைத் திறந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இறங்குவேன். கையை ஆட்டி ஜாடை காட்டினால், அங்கேயும் இறங்க மாட்டேன், தாதரிலும் இறங்க மாட்டேன்.

அக்தர் பானு